தம்பி சாப்பிட்டான்

பூனைக்குப் பல் இல்லாமல் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. பலருக்கு இது தெரிவதில்லை. வலிக்கிற பல்லை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, எடுத்துவிட்டால் நன்றாகவே சாப்பிடும். என் பூனைக்கு ஈறு முழுக்கப் புண். தட்டுக்கு அருகில் போய் முகர்ந்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிவரும். மிருக வைத்தியர் ஷஹீரா நான்கு கோரைப்பற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார்.

சார்ஜன் சுபாஷினி, நீங்கள் கேட்டது என் தம்பியைப் பற்றி. மறக்கவில்லை. பூனையில் தொடங்கினால்தான் எனக்கு வரிசையாக வரும். பட்டர்வொர்த்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள் நான். எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம்.

பெயர் யோகலட்சுமி. வயது அறுபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடியில் என் வீடு. அதில் நானும் என் தம்பி ஸ்ரீகரனும் பூனையும் இருந்தோம். ஸ்ரீகரன் போன வியாழக்கிழமை காலை இறந்துபோனான். வயிற்றில் சாப்பாடு எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் நாம் இருவரும் இந்தப் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மனைவி முன்பே தவறிவிட்டாள், மகள் தர்மினி மெல்பர்னில் இருக்கிறாள். ஆகவே என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. முடியாது என்று நானும் சொல்லவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஊட்டுவதைத் தீத்துவது என்போம். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மா என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, “தம்பிக்குத் தீத்து” என்றார். அதன் பிறகு அந்தக் கிண்ணத்தை என்னிடமிருந்து யாரும் திரும்ப வாங்கவில்லை. அவன் படித்தான், துறைமுகத்தில் அதிகாரியானான், கல்யாணம் செய்தான், படுத்தான். இடையில் சில வருடம் அவன் மனைவி பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பூனையின் பெயரும் தம்பிதான். பாசாரில் மீன் கடைக்குக் கீழே குட்டியாகக் கிடந்தான். தூக்கியதும் வாயில் வேறு பெயர் வரவில்லை. ஆயுள் முழுக்க ஒரே சொல்லைச் சொல்லி வளர்ந்த நாக்கு, புதிதாக எதைக் கண்டுபிடிக்கும். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவுக்கு அவன் வெறும் பூனைதான். வீட்டுக்குள் நான் மட்டும்தான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன்.

நீங்கள் மலாயில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் தம்பி என்று சொல்கிற எல்லா இடத்திலும் ‘அடிக்’ என்று போடுகிறீர்கள். பிறகு படிப்பவர்கள் குழம்பிவிடுவார்கள். பூனை வருகிற இடத்தில் பூனை என்றே போடுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

அறுவை சிகிச்சை திங்கட்கிழமை நடந்தது. மாலையில் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, வாயோரத்தில் கொஞ்சம் ரத்தம். டாக்டர் ஷஹீரா பொறுமையாக எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். மெதுவான சாப்பாடு, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். அறை அமைதியாக இருக்க வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் திணிக்கக் கூடாது. “ஜாங்கான் பக்சா, ஆன்ட்டி,” என்றார். கட்டாயப்படுத்தினால் சாப்பாடு என்றாலே பயம் வந்துவிடுமாம். கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுங்கள், பசித்தால் தானாக வரும் என்றார்.

நான் அப்படியே செய்தேன். கெம்போங் மீனை அவித்து, முள் எடுத்து, வெந்நீர் விட்டு அரைத்தேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை விரலில் தொட்டு மூக்கின் அருகே காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நக்கினான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் ஒரு நாக்கு விரலில் பட்டதற்கு இப்படியா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அன்று மதியம் ஸ்ரீகரனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவனுக்கு ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கன்னத்தில் அடக்கிக்கொள்வான். இடது கையால் கரண்டியைத் தட்டிவிடுவான். சில நாள் என் முகத்திலேயே துப்புவான். நான் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவேன். மூன்று வருடம், நாளுக்கு மூன்று வேளை. அன்று அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். டாக்டர் சொன்னது காதில் இருந்தது. கிண்ணத்தை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

“அவராலதான் எழுந்து நடக்க முடியாதே, ஆன்ட்டி,” என்று கேட்கிறீர்கள். தெரியும். அவன் மூன்று வருடமாகத் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கியதில்லை. கட்டிலுக்கும் மேசைக்கும் எட்டடி இருக்கும். இரவுச் சாப்பாட்டையும் அங்கேதான் வைத்தேன். இரண்டு வேளையும் தொடப்படவில்லை. பசி இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமையும் வைத்தேன். வியாழனிலிருந்து சமைப்பதை விட்டுவிட்டேன், வீணாகிறதே என்று. தண்ணீர் கொடுத்தேன். காலையும் மாலையும் சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் விட்டேன். பூனைக்கு ஒரு சிரிஞ்சு, அவனுக்கு ஒரு சிரிஞ்சு, மாற்றிவிடவில்லை. துடைத்தேன், பேம்பர்ஸ் மாற்றினேன். இரண்டு மூன்று நாளில் மாற்றும் வேலையும் குறைந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் என்று உறையில் எழுதியிருந்தது. சாப்பாடு இல்லாமல் எப்படிக் கொடுப்பது.

வெள்ளிக்கிழமை அவன் சத்தம் போடத் தொடங்கினான். சொல் இல்லை, தொண்டையிலிருந்து வரும் ஒரே மாதிரியான சத்தம். பூனை பயந்து கூம்போடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டான். வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அமைதி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. ஸ்ரீகரனின் அறைக் கதவைச் சாத்தினேன். தண்ணீர் கொடுக்கவும் துடைக்கவும் மட்டும் திறந்தேன்.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கோபம் வந்திருந்தால் முதல் வருடத்திலேயே வந்திருக்கும். அலுத்துப்போயிருந்தேன், அதுவும் அந்த நாட்களில் பெரிதாகத் தெரியவில்லை. கால் மரத்துப்போனால் தட்டினாலும் தெரியாதில்லையா, அப்படி இருந்தது. பூனைக்கு அருகில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் உயிர் வந்தது.

இனி நல்லம்மாள் அக்கா விஷயம். பக்கத்து வீடு. தினமும் பாசாருக்குப் போகும்போது கம்பிக் கதவுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். உள்ளே வரமாட்டார், நோயாளி வாடை அவருக்கு ஆகாது.

“லெட்சுமி, தம்பி சாப்டானா?”

“இன்னிக்கு மூணு கரண்டி சாப்பிட்டான்க்கா.”

“பரவால்லையே. தேறிடுவான்லா. நீ இருக்கும்போது அவனுக்கு என்னா கவலை.”

மறுநாள் ஐந்து கரண்டி என்றேன். அதற்கடுத்த நாள், கிண்ணத்தையே நக்கி வைத்துவிட்டான் என்றேன். அக்கா சந்தோஷப்பட்டார். என் வாக்குமூலமும் அவர் வாக்குமூலமும் இடிக்கிறது என்கிறீர்கள். இடிக்கவில்லை. அவர் கேட்டது ஸ்ரீகரனை. நான் சொன்னது பூனையை. எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பூனையை ‘சாப்பிட்டது’ என்று சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது, ‘சாப்பிட்டான்’ என்றுதான் சொல்வேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தர்மினிக்கும் அப்படித்தான். நான் அவளுக்கு ‘உன் அப்பா’ என்று எழுதியதே இல்லை, எப்போதும் தம்பிதான். ‘தம்பிக்கு இன்று வலி குறைவு’, ‘தம்பி நன்றாகத் தூங்கினான்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் இதயம் போட்டு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். போனை அவன் அறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண் மூடிக் கிடந்தான்.

“தூங்குறாரா மாமி? எழுப்பாதீங்க, ரெஸ்ட் எடுக்கட்டும். மெலிஞ்ச மாதிரி இருக்காரே.”

“போன்ல அப்படித்தாம்மா தெரியும்,” என்றேன்.

இது பொய். இந்தப் பத்து நாளில் நான் சொன்னது இது ஒன்றுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த புதன்கிழமை காலை பூனைக்கு மறுபரிசோதனை. கூடையில் வைத்து கிராப் கார் பிடித்துப் போனேன். டாக்டர் ஷஹீரா அவனைத் தராசில் நிறுத்தினார், முந்நூறு கிராம் கூடியிருந்தான். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். தையல் எல்லாம் ஆறியிருந்தது. கூம்பைக் கழற்றிவிட்டு என் தோளில் கை வைத்தார். “எவ்வளவு நல்லா பார்த்திருக்கீங்க, ஆன்ட்டி. எல்லாரும் உங்க மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது,” என்று மலாயில் சொன்னார். என்னிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. அம்மா சொல்லவில்லை. ஸ்ரீகரன், பேச முடிந்த ஐம்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் அழுதேன். ஓட்டுநர் காஜா மொய்தீன் நல்ல மனிதர். பூனைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனது லேசாக இருந்தது. அந்த லேசில் ஸ்ரீகரனுக்கும் கஞ்சி வைத்தேன். அரிசியைக் குழைத்து, உப்புப் போட்டு, பூனையின் மீனில் கொஞ்சம் சேர்த்து அரைத்தேன். மணிக்கட்டில் சூடு பார்த்தேன். கிண்ணத்தோடு கதவைத் திறந்து, கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

எல்லோரிடமும் நான் சொன்னது ஒன்றுதான். அவன் வாயைத் திறக்கவில்லை, நான் திணிக்கவில்லை. ஆம்புலன்சில் வந்தவர்களிடமும் தர்மினியிடமும் இதையே சொன்னேன். இன்று காலை உங்களிடமும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு அது சரி. அதற்குப் பிறகு நான் அவன் வாய்க்கு அருகில் கரண்டியைக் கொண்டுபோகவே இல்லை. டாக்டரிடம் போய்வந்த அந்தப் புதன்கிழமைதான் கொண்டுபோனேன். அவன் கண்ணைத் திறந்தான். கரண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். என் கையைத் தட்டிவிடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. குழந்தை மாதிரி அகலமாகத் திறந்து, அப்படியே வைத்திருந்தான்.

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கரண்டி போட்டால் விழுங்குவான். விழுங்கினால் மாலையிலும் கேட்பான். நாளைக் காலை கேட்பான், மதியம் கேட்பான், நான் சாகும்வரை கேட்பான். இத்தனை நாளும் கேட்டிருப்பான் என்பதும் தெரிந்தது. இவ்வளவையும் யோசித்தேன், சார்ஜன். அவசரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

கரண்டியைத் திருப்பி என் வாயில் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நல்ல ருசியாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, கிண்ணம் முழுவதையும் குடித்து முடித்தேன். அவன் வாயை மூடவில்லை. அடுத்த கரண்டி தனக்கு, அதற்கடுத்தது தனக்கு என்று இருந்திருப்பான் போல. எழுந்து கதவைச் சாத்தினேன்.

மறுநாள் வியாழன் காலை கதவைத் திறந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வாய் அப்படியே திறந்துதான் இருந்தது. நான்தான் மூடினேன்.