மூணு தடவை கூப்பிட்டாச்சா?

இந்தக் கதையில் மணி மதியம் இரண்டு. ஆமாம், மதியம்தான். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று எவன் சொன்னான்? அந்த விளக்கைக் கொஞ்சம் இறக்கு. கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

லாரி ஓட்டுகிற என் சிநேகிதனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது இது. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குத் தெரு... அந்த ஊரே அந்தத் தெருவில் பிறந்ததுதான். முதலில் ஆற்று முகத்துவாரத்தில் பாய்மரக் கப்பல், மிளகு, கொப்பரை. அப்புறம் நீராவிக் கப்பல். அப்புறம் ரயில், லாரி. எவன் வந்து இறங்கினாலும் பேர் கேட்காது அந்த ஊர். முதுகில் ஒரு மூட்டையை ஏற்றிவிடும். கப்பல் காலத்திலிருந்து மாறாதது ஒன்றுதான்: வெயில் கொளுத்துகிற இரண்டு மணி நேரம் தெரு அடங்கிவிடும். தார் இளகிச் செருப்பில் ஒட்டும். நாய்கூட நடக்காது. மூட்டை தூக்குகிறவர்கள் கிடங்குக்குள்ளேயே மூட்டை மேல் ஏறிப் படுத்துவிடுவார்கள். கல் சுவர், உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

பெரியப்பாவை எல்லாரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் நம்பர் கிடங்கின் சாவி அவர் இடுப்பில். அரிசியில் வண்டு விழாமல் இருக்க மருந்து மாத்திரை வைப்பார்கள் அல்லவா, அந்த நாளில் அவருக்கு ஒரே வேலை. வாசலில் நின்று "உள்ளே யாரு?" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் இரும்புக் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் தாள் நாடா ஒட்டி, ஏழு நாள் பூட்டி வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் அந்த மாத்திரை புகையும். அழுகிய பூண்டு மாதிரி வாடை. வண்டு எது, மனுஷன் எது என்று அதற்குத் தெரியாது.

ஒரு தடவை அவருக்குப் பசி. கூப்பிடாமலே சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஏழாம் நாள் திறந்தால்... கதவுக்குப் பின்னாலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆன ஆள். உயிர் இல்லை. பத்து விரலிலும் நகம் இல்லை. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஆள் போனா ஆள் வருவான். மூட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?" அவ்வளவுதான். அவனை யாரும் தேடி வரவில்லை. அரிசி அன்று சாயங்காலமே லாரி ஏறிவிட்டது. நாம்கூடத் தின்றிருப்போம், யார் கண்டது?

அதற்கப்புறம் சாவிக்காரர் கூப்பிடாமல் சாத்தியதே இல்லை. ஒரு தடவை கூப்பிடுவார்... சத்தம் இல்லை. இரண்டாவது தடவை... இல்லை. மூன்றாவது தடவை, உள்ளேயிருந்து, தொண்டை வறண்ட குரலில்,

"இருக்கேன்."

முதல் நாள் அலறியடித்துக்கொண்டு ஆள் கூட்டிவந்து மூட்டை மூட்டையாகப் புரட்டினார். ஒரு பூனைகூட இல்லை. அடுத்த முறையும் அதே கூத்து. "சாவிக்காரருக்கு மறை கழண்டு போச்சு" என்று தெருவே சிரித்தது. "இன்னொரு தடவை என் லாரியை நிக்க வெச்சே, சாவியைக் கொடுத்துட்டு நடையைக் கட்டு" என்றார் முதலாளி. அப்புறம் பழகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாது? "இருக்கேன்" என்று குரல் வரும். "இருக்கியா? இரு" என்பார். சாத்திவிடுவார். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வேறு.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

அப்போதுதான் மச்சினன் வேலைக்கு வந்தான். பெரியம்மாவின் தம்பி. நாலு வயதிலிருந்து அவள் தூக்கி வளர்த்தவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எல்லாம் அவன்தான். இருபத்தைந்து வயதாகியும் வேலை வெட்டி இல்லை. "உங்க கூடவே வெச்சுக்குங்க. உங்க கண்ணெதிர்ல இருந்தா எனக்குக் கவலை இல்லை" என்று அவள்தான் கெஞ்சினாள்.

ஒரு மாதம் போனது. மருந்து நாள் வந்தது. "மச்சினன் எங்கேப்பா?" என்று கேட்டார். "அப்பவே சாப்பிடப் போயிட்டானே" என்றான் ஒருவன். மாத்திரை புகைய ஆரம்பித்துவிட்டது. தெருமுனையில் ஸ்கூட்டரில் முதலாளி. "மூணு தடவை கூப்பிட்டாச்சா?"

கூப்பிட்டார். ஒன்று. இரண்டு. மூன்று.

"இருக்கேன்."

"இருக்கியா? இரு" என்று கதவில் கை வைத்தார்.

"மாமா... நான்தான். தூங்கிட்டேன். இறங்கிட்டு இருக்கேன்."

கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். பதினோரு வருஷமாக ஒரே ஒரு வார்த்தைதானே பேசியது? ஒரு மாதமாக இவன் மாமா மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டு, அதுவும் கற்றுக்கொண்டதா? மறுபடி தெருவைச் சிரிக்க வைப்பதா?

"என்னய்யா, கூப்பிட்டாச்சா?"

"ஆச்சு" என்றார். சாத்தினார். உள்ளே டொம்... டொம்... அது ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. அவருக்கும் அது தெரியும். நாடாவை இழுத்தார். சர்ர்ர்... ஒட்டினார். சர்ர்ர்... ஒட்டினார்.

ராத்திரி பெரியம்மா தட்டு வைத்துவிட்டுக் கேட்டாள். "தம்பி எங்கங்க?"

பாவி மனுஷன், அப்போதாவது எழுந்து ஓடியிருக்கலாம். இனி திறந்து என்ன, திறந்தால் தெரிந்தே சாத்தினேன் என்று ஆகிவிடும் என்று புரண்டு படுத்தார். ஏழு நாளும் அவள் தம்பிக்குத் தட்டு வைத்தாள். ஏழாம் நாள் திறந்தபோது முதலாளி அதே வார்த்தையைத்தான் சொன்னார். சாவிக்காரர் வீட்டுக்கு வந்து, "உன் தம்பி கப்பல் ஏறிட்டானாம்" என்றார். சொல்லாமல் கப்பல் ஏறுவது அந்த ஊரில் புதுசில்லை. அவளும் நம்பினாள், தட்டு வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் கிடங்கில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் இல்லை. அப்பாடா என்று இருந்தார்.

நாலு மாதம் கழித்து, சரக்கு ஏற்ற வந்த என் சிநேகிதன் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தான். நடுராத்திரியில் பூண்டு வாடை மூக்கைத் துளைத்தது. கீழே சர்ர்ர்... எட்டிப் பார்த்தான். வாசலில் இரண்டு பேர். ஒருவன் கதவு இடுக்கில் நாடா ஒட்டிக்கொண்டிருந்தான். தெருவிளக்கு வெளிச்சத்தில் விரல்கள் தெரிந்தன. நகம் இல்லை. மற்றவன் கூப்பிட்டான்.

"உள்ளே யாரு?"

வீட்டுக்குள் சத்தம் இல்லை.

"உள்ளே யாரு?"

பெரியம்மா துள்ளி எழுந்தது மாடி வரை கேட்டது. "தம்பியா? இருக்கோம்டா, நானும் மாமாவும் இருக்கோம்! இதோ வந்துட்டேன்!" "போகாதடி!" என்று பெரியப்பா அலறினார்.

"இருக்கீங்களாக்கா? இருங்க."

சர்ர்ர்...

காலையில் பக்கத்து வீட்டார் வந்து தள்ளிப் பார்த்தபோது, இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி செத்துக் கிடந்தார்கள். கதவில் நாடா இல்லை. தாழ்ப்பாளும் போட்டிருக்கவில்லை.

"ஏன்டா, நீ இறங்கிப் போயிருக்கலாமே?" என்று நான் அவனைத் திட்டினேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

"மூணாவது தடவை... அது மேல பாத்துக் கூப்பிட்டுச்சு."