நான் எழுதாமல் விட்ட ‘ஸ்ட்ராங்லி’

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பாலசுப்ரமணியம் அவர்களே, மயூர் விஹாரிலிருந்தும் ஜனக்புரியிலிருந்தும் மெட்ரோ மாறி மாறி வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு முன்வரிசைக்கு வந்துவிட்ட தாய்மார்களே, தமிழ் பாதி புரிந்தாலும் முழுதாகக் கைதட்டும் பிள்ளைகளே, வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ஓர் ஆங்கிலச் சொல்: ‘ஸ்ட்ராங்லி’. வலுவாக, வன்மையாக, ஆணித்தரமாக என்று அடுக்குகிறது அகராதி. என்ன ஜம்பு சார், ‘ஸ்ட்ராங் காபியா’ என்றா கேட்கிறீர்கள்? இல்லை சார், இது காபி குடித்த பிறகு கோப்பில் எழுதுவது.

இடமாறுதல் மனுவை மேலே அனுப்பும்போது அதிகாரி ஒரு வரி எழுத வேண்டும். ‘பரிந்துரைக்கிறேன்’ என்று மட்டும் எழுதினால், வேண்டாம் என்று பொருள். ‘ஸ்ட்ராங்லி’ சேர்த்தால்தான் வேண்டும் என்று பொருள். எந்த விதியில் இருக்கிறது இது? எதிலும் இல்லை. யாருக்குத் தெரியாது இது? எல்லாருக்கும் தெரியும்.

நான் அதிகாரியாகி ஒன்பது ஆண்டுகள். அந்தச் சொல்லை யாருக்கும் எழுதியதில்லை. எல்லாவற்றையும் வன்மையாகச் சொன்னால் வன்மைக்கு என்ன மதிப்பு என்று கேட்பேன். மற்றவர்களுக்காக மேலிடத்தில் பேச ஆட்கள் இருந்தார்கள். என் பிரிவில் வேலை செய்யும் இந்திராணிக்கு நான் மட்டுமே.

கணவரும் மகளும் மதுரையில். அவள் இங்கே தலைநகரில், விடுதியில். மதியம் என் மேஜைக்கு வந்து டப்பாவைத் திறப்பாள். இந்த நகரத்தில் என்னிடம் ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்கும் ஒரே குரல் அவளுடையது.

போன ஏப்ரலில் மதுரைக்கு மாறுதல் கேட்டாள். “அக்கா, மக போன்ல பேசுறதையே விட்டுட்டா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் போட்டு அனுப்புங்கக்கா.”

“எழுதுறேன் இந்திரா” என்றேன். எழுதினேன், அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு.

மனு நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. “நீங்கதான் யாருக்கும் எழுத மாட்டீங்களே. கோவமெல்லாம் இல்லக்கா” என்றாள். நானும் தலையாட்டினேன்.

அவையோரே, தடுத்தது கொள்கையா? இல்லை. நேர்மையா? இல்லை. எதிர் நாற்காலி காலியாகிவிடுமே என்ற அச்சம்! அந்த அச்சத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்து, ஓராண்டு அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கைதட்டாதீர்கள் அம்மா. அவள் நான்காவது வரிசையில் இருக்கிறாள். இப்போதுதான் அவளுக்கும் தெரிகிறது. தனியாகச் சொல்லியிருந்தால் உடனே மன்னித்திருப்பாள். அந்தச் சுலப மன்னிப்புக்குப் பயந்துதான் இங்கே சொல்கிறேன்.

நேற்று மறுபடியும் மனு கொடுத்தாள். இம்முறை எதுவும் கேட்கவில்லை. நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன்: ‘ஸ்ட்ராங்லி’. ஒன்பது ஆண்டுகளில் முதல் முறை. பொருள் என்ன என்றா கேட்டீர்கள்? எழுதுகிறவர் எதையும் இழக்காமல் எழுதினால் அது வெறும் மை. இழக்கத் துணிந்து எழுதினால்தான் அது சொல்!

இந்திராணி எழுந்துவிட்டாள். நடுவில் நாற்காலி போட்டிருப்பவர்கள் கொஞ்சம் நகருங்கள். வேண்டாம் சார், கூப்பிடாதீர்கள். வழி விடுங்கள், அவள் போகட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அவளுக்கு வழி விட்டவர்களுக்கும் நன்றி. வணக்கம்.