குழாய் வாயில் ஓர் ஆப்பிள்

ஆப்பிள் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தின்றால் வயிறு உப்பிவிடும். ஆனாலும் சோதனை தொடங்கும் திங்கட்கிழமையெல்லாம் நான் ஓர் ஆப்பிளோடுதான் வேலைக்கு வந்தேன். மூன்று வருடத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது பம்ப் பழுது பார்க்க வந்தவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்த பிறகு, எழுதிக் கொடு என்கிறீர்கள். தருகிறேன் ஐயா, எனக்கென்ன.

பறித்த பிறகும் காய் மூச்சு விடும். எங்கள் ஆய்வகத்தில் பச்சை வாழைக்காய்களைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, ஒரு குழாயில் காற்றை அனுப்பி, மறு குழாயில் வரும் கரியமில வாயுவை அளப்போம். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒரு தாவர ஹார்மோனைக் காயில் தடவி அந்த மூச்சை மட்டுப்படுத்தப் பார்த்தார். மூச்சு மட்டுப்பட்டால் காய் பழுக்க நாளாகும். அவர் விடுப்பில் இருந்த வாரம் ஒரு ஜாடிக் காய்களில் நானே அதைத் தடவிப் பார்த்தேன். பலித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பழுத்த ஆப்பிளும் ஒரு ஹார்மோனை விடும். எத்திலீன் என்று பெயர், கண்ணுக்குத் தெரியாத வாயு. அது பட்டால் காய் மாடிப்படி ஏறியவரைப் போல மூச்சு வாங்கிப் பழுத்துவிடும். மருந்து தடவிய ஜாடிகளுக்குக் காற்று போகும் குழாய் வாயில், பம்புக்குப் பின்னால், ஓர் ஆப்பிளை வைத்தேன். அவ்வளவுதான். தடவாத காய்கள் சமர்த்தாகப் பச்சையாக இருந்தன. தடவியவை மூன்றே நாளில் மஞ்சள். டாக்டரம்மா முடிவைச் சொன்ன கூட்டத்தில் நீங்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தீர்கள், ஐயா. இப்படிப் பதினொரு தடவை.

“இது மட்டும் பலிச்சிடுச்சுன்னா பொண்ணுகிட்டயே போயிடுவேன்ண்ணா” என்று டாக்டரம்மா முதல் மாதமே என்னிடம் சொல்லியிருந்தார். கணவரும் ஐந்து வயது மகளும் வேறு ஊரில். அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. ஒருநாள் போனில் அது கேட்டது என் காதிலும் விழுந்தது: “அம்மா, இந்த வாட்டியாவது வாழக்கா பச்சையா இருக்கா?” பொல்லாத வாய். ஜாடி கழுவிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எங்க தப்பு பண்றேன்னே புரியலண்ணா. நான் இதுக்கு லாயக்கில்ல போல” என்று அழுதார்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று தேநீர் போட்டுக் கொடுத்தேன். இந்தக் கட்டடத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் ‘ஏய் ஜாடி’. அவர் மேல் எனக்கு அத்தனை பிரியம்.

அடுத்த வாரமே மகளிடம் கிளம்புகிறார் என்கிறீர்கள். அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள், ஐயா. நான் கூட இருந்து பார்த்துக்கொண்டபோதே அவருக்கு ஒரு சோதனையும் உருப்படவில்லை. தனியாகப் போய் அவர் என்னதான் செய்வார்?