அமுங்கினது எழும்பவில்லை

– முன் பிரேக்கைப் புடிச்சிக்கினு, உங்க மொத்த வெயிட்டையும் ஹேண்டில்ல போடுங்க அண்ணாச்சி. ம், நல்லா அமுக்குங்க.

– அமுக்கியாச்சு. இறங்குது.

– இப்ப கைய வுடுங்க.

– விட்டுட்டேனே. ஏம்மா, இது பாதியிலயே நிக்கே?

– அதான் சொன்னேன். முன்சக்கரத்தத் தாங்குற இந்த ஃபோர்க்குன்னா அமுங்குன ஒடனே எழும்பணும். இது மாட்டிக்கினு நிக்குது. பள்ளத்துல முன்சக்கரம் எறங்கி, திரும்ப எழும்பலன்னு வெச்சுக்குங்க, ஓட்டுற ஆளு தலகீழா போவ வேண்டியதுதான்.

– அப்பம் எம்மக விழுந்தது இதாலயா?

– இருக்கலாம். தொறந்து பாத்தாதான் தெரியும்.

– ரெண்டு மாசம் முன்ன இதே கடையிலதான் சர்வீஸ் பண்ணியிருக்கு. ரசீதுல மெக்கானிக் அன்புக்கரசின்னு போட்டிருக்கு. நீதானே அது?

– நான்தான். இந்தக் கையாலதான் ஃபோர்க்கத் தொறந்து மாட்டுனேன். தாரணி கைய ஒடச்சிக்கிச்சுன்னு கேட்டதுலேர்ந்து பத்து நாளா எனுக்குத் தூக்கம் இல்ல. எம்மேல தப்புன்னா நானே அதாண்ட சொல்லிடறேன். மொதலாளி வேலைய வுட்டுத் தூக்குனாலும் செரி.

– உன் வேலையப் பறிக்க நான் வரலம்மா. எனக்கு உண்மை தெரியணும். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், தி.நகர் கடையில கால் வைக்க எடமில்ல. அதை விட்டுட்டு, ஜவுளி ஏத்துத வேன்ல இந்தச் சைக்கிளை ஏத்திட்டு அடையாறு வந்து நிக்கேன்னா பாத்துக்கோ.

– நீங்க எப்பவும் சைக்கிள வுட்டுத் தொலைன்னு ரோதனை பண்ணுவீங்கன்னு தாரணி சொல்லும்.

– நாலு வருசமா சொல்லுதேன். கல்லுலயும் மேட்டுலயும் பிள்ளை உருண்டு எந்திரிச்சு வருததைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்க? இப்பம் அவளே விட்டுட்டா. கைக்கட்டோட உக்காந்து, ஹெல்மெட்டு, ஷூ எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில போட்டுக் கட்டிட்டா. நான் சந்தோசப்படணும்லா?

– படலியா?

– 'பயந்துட்டேன், தப்பா பிரேக் பிடிச்சுட்டேன், நான் இதுக்கு லாயக்கில்லப்பா'ங்கா. என் பிள்ளை வாயில அப்படி ஒரு வார்த்தைய நான் கேட்டதே இல்ல. அன்னையிலேந்து எனக்குச் சோறு இறங்கல. குத்தம் வண்டியோடதுன்னா அவகிட்டப் போய்ச் சொல்லலாம்லா. அதுக்குத்தான் கேக்கேன்.

– செரி, இந்தாண்ட வாங்க. மொதல்ல சக்கரத்தோட அச்சப் பாத்துடலாம். அத்த ஓவரா முறுக்கிட்டா ஃபோர்க்கோட ரெண்டு காலும் இழுத்துக்கினு நிக்கும். லூஸ் பண்ணிட்டேன், இப்ப அமுக்குங்க.

– அதே மாதிரிதான் நிக்கு.

– அப்போ அச்சு இல்ல. உள்ளாறதான் இன்னாவோ கீது. ஃபோர்க்குக்குள்ள கீற காத்த எறக்கிட்டு சக்கரத்தயும் கழட்டிடறேன். நீங்க இந்தக் கீழ் கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்குங்க. போல்ட்ட லூஸ் பண்ணி ரப்பர் சுத்தியால தட்டுனா, அப்டியே கழண்டு வரும். வுட்றாதீங்க, ஆயில் கொட்டும்.

– கொட்டிட்டு. வேட்டியெல்லாம் ஆயிட்டு. பரவாயில்ல, நீ வேலையப் பாரு.

– பொடவ மடிக்கிற கைன்னு பாத்தேன், நல்லாவே புடிச்சிக்கினீங்க. ஐய, இன்னா இது கலரு? நான் ஊத்துனப்ப தேனாட்டம் இருந்துச்சு. இது செவப்பா சேறு மாதிரி வருது.

– செம்மண்ணா இருக்கும். வண்டலூருக்கு அங்கிட்டு ஒரு ஏரிக்கரையிலதான் விழுந்தா.

– மண்ணுன்னா வெரல்ல நறநறன்னும். இது மாவாட்டம் கீது. அழுக்கு உள்ள போவாம தடுக்குற ரப்பர் சீலுக்குக் கீழ இந்த ஸ்பாஞ்சு வளையத்தப் பாருங்க. எண்ணெயக் குடிச்சிக்கினு, உள்ள போய்ப் போய் வர இந்தக் குழாய்க்குத் தடவிக்கினே இருக்க வேண்டியது இது. இதுல மஞ்சளா இன்னாவோ அப்பி, காஞ்சி போய்க் கீது. அதாலதான் மாட்டுது.

– வளையம் முழுக்கவா?

– இல்ல, அதான் வேடிக்கையா கீது. ரெண்டு கால்லயும் பின்பக்கம் மட்டும்தான். நான் மாட்டுன சீல் அப்டியே நல்லா கீது, அது வரைக்கும் எனுக்கு நிம்மதி. மோந்து பாருங்க, சந்தன வாசனை வரல? அண்ணாச்சி, இன்னா ஆச்சு? மோந்துக்கினே நிக்கறீங்க.

– ஏம்மா, இந்தப் பளபளன்னு இருக்க குழாயில ஒரு விரல் நுனி சந்தனமும் செந்தூரமும் வச்சா என்ன ஆகும்?

– ஒரு நாளு வெச்சா ஒண்ணும் ஆவாது. சீலே வழிச்சு வுட்டுடும்.

– தினம் வச்சா?

– ஒவ்வொரு வாட்டி அமுங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கும். யாரு வெச்சது அண்ணாச்சி?

– போன ஆயுத பூசைக்கு ஹேண்டில்ல பொட்டு வச்சேன். 'இது உங்க கடை வேன் இல்லப்பா'ன்னு துணிய எடுத்துத் துடைச்சுட்டா. நானும் சரின்னு விட்டுட்டேன். ஆனா ரெண்டு மாசம் முன்ன நீ சர்வீஸ் பண்ணிக் குடுத்தேல்லா, அதுக்கப்புறம் போட்டிக்குப் போறேன்னு பெரிய பெரிய மேட்டுலேந்து இறங்க ஆரம்பிச்சா. எனக்குப் பயம் தாங்கல. நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரத்தை வாங்கி வச்சுக்கிட்டேன்.

– அதுக்குத் தெரியாமலா?

– அவ எந்திரிக்கதுக்கு முன்ன கீழ போயிருவேன். ஹேண்டில்ல வச்சா கண்டுபிடிச்சிருவால்லா? அதான் குழாய்க்குப் பின்னால. காலையில வைப்பேன், சாயங்காலம் வந்து பாத்தா இருக்காது. சாமி ஏத்துக்கிட்டார்னு நினைச்சேம்மா.

– ஐயோ அண்ணாச்சி.

– பத்திரமா வீடு வந்து சேரணும்னுதான் வச்சேன்.

– அது எனுக்குத் தெரியாதா? பெரும்பாக்கத்துலேர்ந்து பஸ்ல வரதுக்கே எங்கம்மா என் பைல எலுமிச்சம்பழத்தப் போட்டு அனுப்புது. வுடுங்க. மண்ணு பூந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. தாரணி கேட்டா நானும் அதையே சொல்றேன்.

– மண்ணுன்னா, 'வண்டிய நான் ஒழுங்கா துடைக்கல'ம்பா. மறுபடியும் தன் தலையிலதான் போட்டுக்குவா. இல்லன்னா நீ சரியா மாட்டலன்னு ஆகும். ரெண்டும் இல்லலா.

– அப்ப இன்னா பண்ணப் போறீங்க?

– என் சட்டைப் பையில போன் இருக்கு. கையெல்லாம் எண்ணெய். நீ எடுத்து அவ நம்பரைப் போடு.

– இப்பவேவா? வூட்டுக்குப் போயி, நிதானமா, பக்கத்துல ஒக்காந்து சொல்லலாமே.

– வீட்டுக்குப் போனா எனக்கு வாய் வராதும்மா. போடு.

– ரிங்கு போவுது. இந்தாங்க, காதாண்ட புடிச்சிக்கினு நிக்கறேன்.

– தாரணி, அப்பா பேசுதேன். அந்த அட்டைப் பெட்டியப் பிரிச்சு வைம்மா. நீ பயப்படவும் இல்ல, தப்பா பிரேக் பிடிக்கவும் இல்ல. ஒன்னையத் தள்ளிவிட்டது நான்தான்.