பக்தபூரில் எடுத்த செல்பி

“செத்த வீட்டில ஆடிப்போட்டு வந்திருக்கிறன், அண்ணை.”

லண்டனில் ஹரோ போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள். பக்கத்திலிருந்த அண்ணன் போனை மடியில் வைத்தார்.

“ஆற்ற வீட்டில?”

“நேபாளத்தில, பக்தபூரில. நேவார் ஆக்களின்ர பழைய நகரம். அங்கத்தைய திருவிழாவுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போக, விளம்பரத்துக்குப் படம் எடுக்கச் சொல்லி எங்கட டிராவல் கொம்பனி என்னை அனுப்பினது. மூங்கிலில சேலை சுத்தி, ஒரு போட்டோவும் கட்டித் தூக்கிக்கொண்டு, சனம் தடி தட்டி ஆடிச்சுது. நானும் ஆடினன். மூங்கில் பிடிச்சிருந்த ஒரு அம்மாவோட செல்பி எடுத்து, ‘நீங்களும் ஆட வாங்கோ’ எண்டு போட்டிட்டன்.”

“அதில என்ன பிழை?”

“அந்த வருசம் செத்த ஆக்களுக்காகப் போற ஊர்வலம் அது. அந்தச் சேலை அவவின்ர மகளின்ரயாம். போட்டோவும் அவள்தானாம். விளம்பரத்தைப் பார்த்திட்டு நேற்று மெசேஜ் போட்டிருக்கிறா.”

“ஏசினவவோ?”

“இல்லை. மகளின்ர போட்டோவும் விழுந்த படம் ஒண்டு இருந்தா அனுப்பச் சொல்லிக் கேட்டவ.”

“அனுப்பிவிடன்.”

“என்னட்ட இல்லை, அண்ணை. மகளின்ர போட்டோ என்ர முகத்தை மறைக்குதெண்டு தள்ளிப் பிடிக்கச் சொன்னனான். அவவும் தள்ளிப் பிடிச்சவ.”