லேசான கை

எங்கள் பஹரித் தெருவில் ஊசி போட்டுக்கொள்ள எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள், ஐயா. என்னுடையது வலி தெரியாத லேசான கை என்று பேர். மருந்துக்கடை வைத்திருப்பவரை டாக்டர் என்று கூப்பிடுவது அலெக்சாந்திரியாவில் வழக்கம். முப்பது வருடமாக நானும் டாக்டரம்மா அவாதிஃப்தான். நிஜ டாக்டரிடம் போய் வரிசையில் நிற்க எங்கள் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது. நீங்கள் காகிதம் கொடுத்திருப்பதால் ஒழுங்காக எழுதுகிறேன்.

சுஹைர் என் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைக்கு மேலே இருக்கும் வீட்டில் அவளும் நானும் இருந்தோம். அவள் மீன் பொரிப்பாள், நான் தேநீர் போடுவேன். டிவி தொடரில் யார் பக்கம் நியாயம் என்று சண்டை போட்டுவிட்டுத் தூங்கப் போவோம்.

போன வருடம், அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில், வக்தி என்பவர் அவளைப் பெண் கேட்டார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், போர்ட் சயீத்காரர். சுஹைர் கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பிடித்துக் காட்டினாள்.

"டாக்டரம்மா, இந்தத் தொப்பையோட மணப்பொண்ணா உக்காந்தா ஊரே சிரிக்கும். ஏதாவது பண்ணேன்."

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்பார்கள். அது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்குக் கொழுப்பைக் கரைக்கும் குணம் உண்டு. வயது ஏற ஏற அது வற்றிக்கொண்டே போகும். அதே சோற்றைத் தின்றும் நாற்பதுக்கு மேல் தொப்பை போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஹார்மோன் ஊசியாகக் கிடைக்கிறது. நிஜ டாக்டரின் சீட்டில்லாமல் போடக் கூடாதுதான். போட்டேன். மூன்று மாதத்தில் அவளுக்கு இடுப்பு தெரிந்தது. கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

"பெருநாள் கழிச்சு போர்ட் சயீத் போயிடுவேன்டி," என்றாள் ஒரு நாள். "மாசம் ஒரு தடவை வா. அப்படி முறைக்காதே, உனக்கும் ஒரு மாலுமியைப் பாக்கச் சொல்றேன்."

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவள் சந்தைக்குப் போயிருந்த காலையில் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, இனி வீடு எப்படி இருக்கும் என்று காது கொடுத்துக் கேட்டேன். குளிர்பெட்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அதே பட்டாணி இன்னொன்றையும் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகளை விரட்டி வேலை வாங்கும். அளவு மிஞ்சினால் கொழுப்பு வயிற்றிலும் முகத்திலும் பிடரியிலும் போய்ச் சேரும், கைகால்கள் மெலியும். அதுவும் ஊசியாக இருக்கிறது. இனி தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும் என்று சொல்லி மருந்தை மாற்றினேன். குத்து குறைந்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

இரண்டு மாதத்தில் அவள் முகம் வட்டமாகிவிட்டது. தையற்காரி உம்மு சப்ரி கல்யாண உடுப்பை மூன்றாம் முறை பிரித்தாள்.

"என்னடி சுஹைர், கல்யாண விருந்தை இப்பவே ஆரம்பிச்சிட்டியா? இனிமே பிரிக்கத் துணி இல்ல, பாத்துக்கோ!"

சுஹைர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு அவாதிஃப். கண்ணாடியில வேற யாரோ நிக்கிறா. லேசா இடிச்சாலும் கன்னிப்போகுது, வயித்துல ஊதாக் கோடு கோடா வருது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"நான் டாக்டர் இல்லையா, அண்ணி? இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

நம்பினாள். தெருவே என்னை அப்படித்தானே கூப்பிடுகிறது.

வக்தி பின்வாங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? சுஹைர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்து சொன்னாள்: "'உனக்கு முகம் வட்டம், எனக்கு வயிறு வட்டம், ஜோடி சரியாப் போச்சு'ங்கறார்டி. வர்ற வியாழக்கிழமையே நிக்காஹ் வச்சுக்கலாமாம்."

அன்று மாலை அதே மருந்தை இரண்டு ஊசி அளவுக்கு ஒன்றாக ஏற்றினேன். கையை நீட்டிக்கொண்டு, "போட்டதே தெரியல," என்றாள்.

இரண்டு நாள் கழித்து மீன் கழுவும்போது முள் குத்தி அவள் விரல் வீங்கியது. அந்த மருந்து ஏறிய உடம்பில் சின்னக் காயமும் சீழ் பிடித்துப் பரவும், காய்ச்சல்கூடச் சரியாகக் காட்டாது. படித்திருக்கிறேன், எனக்குத் தெரியும். மறுநாள் சிவப்பு முழங்கையைத் தாண்டியது. "அவாதிஃப், நான் செத்துடுவேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ரத்தம் எடுப்பார்கள், தெரிந்துவிடும். ஈரத்துணியை அவள் நெற்றியில் வைத்து, "நான்தான் பக்கத்துல இருக்கேன்ல," என்றேன். புதன்கிழமை மதியம் மூச்சு நின்றது. மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பெண் வயிற்றுக் கோடுகளையும் ஊசித் தழும்புகளையும் பார்த்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, ஊசி நான் போட்டதுதான். தெரிந்தே போட்டேன். கீழே கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கடைசிவரை அவளுக்கு நான் வலிக்காமல்தான் போட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் நிம்மதியாக இருந்த வீடு அது. பெண் கேட்டு வந்தது வக்திதான். அவரை நீங்கள் இன்னும் ஏன் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை, ஐயா.