ஒரே டப்பாவை இருவர் கொண்டுவந்தால்

பிழை கண்ட இடத்தில் பேனாவும், பிணக்கு கண்ட இடத்தில் தேநீரும் எடுத்த பெருமாட்டியே! முப்பத்தோராண்டு வாலரி கூரியர் நாளிதழின் மெய்ப்புத் திருத்துநராய் விளங்கி, இன்று எங்களைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுச் செல்லும் வெர்னா பாஸ்கோ அம்மையீர்! வாழ்த்துவதா, வழக்குத் தொடுப்பதா என்றே எங்களுக்கு விளங்கவில்லை.

ஆங்கிலத்தில் சிறை என்ற சொல்லைப் பழைய முறையில் gaol என்றும் புதிய முறையில் jail என்றும் இரண்டு விதமாக எழுதலாம். அகராதி இரண்டையும் ஏற்கிறது. நம் ஊரில் பழைய சிறைச்சாலை ஒன்று இருந்து தொலைத்ததால், வாரம் மூன்று முறை அச்சொல் அச்சேறியது. பழைய முறையே முறை என்றார் நெவில். புதியதே போதும் என்றார் கொலீன். எதிரெதிர் மேசை உதவி ஆசிரியர்கள் இருவரும் பேச்சையே நிறுத்தினார்கள். நெவில் ராஜினாமாக் கடிதமும் எழுதிவிட்டார்.

அன்று நீங்கள் வகுத்த விதியை யார் மறப்பார்! காலைத் தேநீருக்குப் பலகார டப்பா கொண்டுவருபவர் எவரோ, அன்றைய இதழில் அந்தச் சொல்லுக்கு அவர் எழுத்தே செல்லும். மறுநாளே நெவில் பேரீச்சை ஸ்கோன் ரொட்டியோடு வந்தார். அதற்கு மறுநாள் கொலீன் லாமிங்டன் கேக்கோடு வந்தார். பத்தொன்பது ஆண்டுகள் நாங்கள் தின்று கொழுத்தோம். வாசகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள். அவர்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை. அந்த ராஜினாமாக் கடிதம் இன்னும் நெவிலின் இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் போன மறுநாள் அதைக் கொடுத்துவிடுவாரோ என்று நாங்கள் உண்மையாகவே அஞ்சினோம்.

அதனால்தான் போன வாரம் உங்களிடமே கேட்டோம், எதுதான் சரி என்று.

"முப்பது வருஷமா எனக்கும் தெரியலப்பா. ரெண்டு பேரு பலகாரமும் நல்லா இருந்துச்சு, அது மட்டும் தெரியும்," என்றீர்கள். தீர்ப்புச் சொன்னவருக்கே தெரியாதென்றால் நாங்கள் எங்கே போவோம்!

இன்று காலை குழப்பம் இன்னும் கூடிவிட்டது. இதோ உங்கள் முன்னிருக்கும் கேக்கை, டப்பாவின் ஒரு பக்கம் நெவிலும் மறுபக்கம் கொலீனும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நேற்று கொலீன் வீட்டு அடுப்படியில் சேர்ந்தே செய்தார்களாம்.

"சக்கரைய அள்ளிக் கொட்டிட்டீங்க, நெவில்," என்றார் கொலீன், அவர் முகத்தைப் பார்த்தே.

அம்மையீர், நோயின்றி, கண்ணொளி குன்றாமல், பல்லாண்டு வாழ்க! ஆனால் ஒரே டப்பாவை இருவர் கொண்டுவந்தால் எவர் எழுத்து செல்லும் என்று உங்கள் விதியில் இல்லையே. நாளைய முதல் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது. அருள்கூர்ந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்போடும் தீராத குழப்பத்தோடும்,
நெவில், கொலீன்,
மற்றும் வாலரி கூரியர் ஊழியர்கள்